குரலே சரியில்லாத ஒருத்தரை 60 வருஷமா ஏன் இப்படிக் கொண்டாடறாங்க? (பாப் டிலன்)

தினேஷ்_கே

தலைப்பைப் பார்த்துட்டு அடிக்க வராதீங்க, நிஜமாவே புரியாமத்தான் கேக்கறேன்.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனோட கதையான 'எ கம்ப்ளீட் அன்நோன்' படம் பார்த்தேன். டிமதி ஷாலமே தானே பாடி நடிச்சிருக்கார், கேக்க இதமாத்தான் இருந்துச்சு. அந்த ஜோர்ல அசல் டிலனைத் தேடிப் போட்டா, அப்பப்பா! முழுக்க மூக்கால பாடறார். சுருதி ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. இழுக்க வேண்டிய இடத்துல வெட்டறார், வெட்ட வேண்டிய இடத்துல இழுக்கறார். நடுநடுவுல அந்த ஹார்மோனிகா வேற.

அப்புறம் இதே பாட்டுகளை மத்தவங்க பாடினதைத் தேடினேன். 'ப்ளோயின் இன் த விண்ட்' பீட்டர், பால் அண்ட் மேரி பாடினது எவ்வளவு அழகு! 1963-ல பில்போர்ட் பட்டியல்ல 2-ஆம் இடம் வரைக்கும் போனதும் அவங்க பாடினதுதான். 'மிஸ்டர் டாம்பரின் மேன்' 1965-ல முதலிடம் பிடிச்சது பேர்ட்ஸ் குழு பாடினப்பதான். 'ஆல் அலாங் த வாட்ச்டவர்'னா எல்லாருக்கும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்தான் ஞாபகம் வர்றார்.

பாட்டு எழுதறதுல ஆள் மேதை, அதுல எனக்கு மறுப்பே இல்ல. 2016-ல இலக்கியத்துக்கு நோபல் குடுத்தாச்சு. ஆனா எழுதிக் குடுத்துட்டுக் கம்முனு இருந்திருக்கலாமே? பாட்டைக் கொண்டாடறது புரியுது, குரலையும் சேர்த்துக் கொண்டாடறதுதான் புரியல. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2008-ல 100 சிறந்த பாடகர்கள்னு பட்டியல் போட்டு இவருக்கு 7-ஆம் இடம் குடுத்திருக்கு. பாடகர் பட்டியல்ல! இது 'பெரிய மனுஷன் தும்மினாலும் சங்கீதம்'ங்கற பக்தியா? இல்ல என் காதுக்கு எட்டாதது ஏதாவது இருக்கா? பாட்டு கத்துக்கிட்டவங்க யாராவது சொன்னா நல்லாருக்கும்.

சந்தானம்65

தம்பி, உங்கள் காது பழுதில்லை. பக்திதான், வேறொன்றும் இல்லை. எதையும் ஐம்பது தடவை கேட்டால் பிடித்துப் போகும். பிடித்துப் போன பிறகு காரணம் கண்டுபிடிப்பது சுலபம். நான் ஃப்ராங்க் சினாட்ரா, நாட் கிங் கோல் கேட்டு வளர்ந்தவன். எழுதுகிறவன் எழுதட்டும், குரல் உள்ளவன் பாடட்டும். இதற்குத்தானே பின்னணிப் பாடகர் என்று ஓர் ஏற்பாடே வந்தது? கவிஞரே வந்து பாடுகிறேன் என்றால் யார் தாங்குவது?

மைதிலி_ட்ராக்

தினேஷ், நியாயமான கேள்வி. சந்தானம் ஐயாவோடு எனக்குக் கொஞ்சம் வாக்குவாதம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப் போவது அதிலிருந்துதான் வருகிறது. நான் ட்ராக் பாடுகிறவள். பெரிய பாடகர் வருவதற்கு முன்னால், மெட்டு இப்படிப் போகிறது, மூச்சு இங்கே எடுக்கலாம் என்று காட்டுவதற்காகப் பாடி வைப்பது என் வேலை. அப்புறம் என் குரலை அழித்துவிட்டு அவர் குரலை வைப்பார்கள். சுருதி சுத்தம், உச்சரிப்பு சுத்தம், சொன்ன நேரத்துக்கு வந்து சொன்னதைப் பாடுவேன். இந்தத் தொழிலில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு விஷயம், என் குரலைத் தூக்கிவிட்டு இன்னொரு நல்ல குரலை வைத்தால் பாட்டுக்கு ஒரு குறையும் வராது. வரக்கூடாது, அப்படிப் பாடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

டிலனின் குரலை அப்படித் தூக்கிப் பாருங்கள். பீட்டர், பால் அண்ட் மேரி பாடியதில் மெட்டு அப்படியே இருக்கிறது, சொல் அப்படியே இருக்கிறது, அழகு கூடியிருக்கிறது. ஆனாலும் ஏதோ ஒன்று காணாமல் போயிருக்கிறது. அந்த ஏதோ ஒன்றைத்தான் கொண்டாடுகிறார்கள். அது என்ன என்பதை ஒரே ஒரு பாட்டை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

1963 மே மாதம் வந்த இரண்டாவது இசைத்தட்டில் 'டோன்ட் திங்க் ட்வைஸ், இட்ஸ் ஆல் ரைட்' என்று ஒரு பாட்டு. ஒருத்தன் ஒரு பெண்ணை விட்டுப் போகிறான். யோசிக்காதே, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே போகிறான். ஒவ்வொரு சரணமும் அந்த 'ஆல் ரைட்'டில்தான் முடியும். இதை என்னிடம் கொடுத்தால் நான் என்ன செய்வேன் தெரியுமா? 'ரைட்' என்ற சொல்லில் வரும் அந்த ஐகாரத்தைப் பிடித்துக்கொள்வேன். அதில் கொஞ்சம் நின்று, கடைசியில் லேசாக ஓர் அசைவு கொடுத்து, மெல்ல இறக்கி வைப்பேன். பயிற்சி பெற்ற குரல் எதுவானாலும் தானாகவே அதைத்தான் செய்யும். அப்படிச் செய்த மாத்திரத்தில் அது ஆறுதலாகிவிடுகிறது. 'பரவாயில்லை கண்ணே' என்று தலையைத் தடவுகிற மாதிரி.

டிலன் அங்கே நிற்பதே இல்லை. கீழே கிட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே குரல் அதைக் கண்டுகொள்ளாமல் பேச்சும் பாட்டுமாகப் போய், அந்தச் சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டு நகர்கிறது. அதைக் கேட்டால் இவன் ஆறுதல் சொல்கிறானா, குத்திக் காட்டுகிறானா, இல்லை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறானா என்று தீர்மானிக்க முடியாது. மூன்றும் இருக்கிறது. எழுத்தில் இருப்பது 'பரவாயில்லை' மட்டும்தான். 'பரவாயில்லை என்று நான் சொல்வதை நீ நம்பிவிடாதே' என்பது குரலில் இருக்கிறது. அழகான குரல் வந்து உட்கார்ந்தால் இந்த மூன்றில் இரண்டு அடிபட்டுப் போகும். இதைச் சும்மா சொல்லவில்லை. ஒலிவாங்கி முன்னால் நின்று பாடிப் பார்த்திருக்கிறேன். மெட்டு சுலபம், அரை மணி நேரத்தில் வந்துவிடும். அந்த இரட்டைப் பேச்சு மட்டும் எனக்கு வரவே இல்லை. என் குரல் நல்ல பிள்ளை. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

அடுத்து சுருதி. 'நிக்க மாட்டேங்குது' என்கிறீர்கள். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்டிருந்தால் இது சட்டென்று பிடிபடும். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டு முழுக்க அந்த இடத்தைச் சுற்றித்தான் வாழ்கிறது. டிலன் வேண்டுமென்றே அங்கே போய் வழுக்குகிறார். வழுக்கி வந்து இறங்கும்போது சரியாக இறங்குகிறார், பாருங்கள். தாளமும் அப்படித்தான். எடுப்பு சமத்தில் இருக்காது. ஒரு வரியை அதீதமாக முன்னால் தள்ளுவார், அடுத்த வரியை அனாகதமாகத் தாமதித்து எடுப்பார், பத்துச் சொல் கொள்கிற இடத்தில் பதினெட்டைத் திணிப்பார், கடைசியில் கிட்டாரோடு ஒன்றாக வந்து சேர்வார். தாளம் தெரியாதவரால் இப்படித் தாளத்தோடு விளையாட முடியாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்தக் குரல் அவருக்குப் பிறவியில் வந்த குரல் என்று நினைக்கிறார்கள். பெரும்பகுதி அவர் தேடி எடுத்துக்கொண்டது. 1961 ஜனவரியில் நியூயார்க் வந்து இறங்கியபோது அவருக்கு 19 வயது. மினசோட்டாவில் ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊரில் வளர்ந்தவர். வந்த உடனே தேடிப் போனது உடம்பு முடியாமல் மருத்துவமனையில் கிடந்த நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரியை. அவர் பாட்டைக் கேளுங்கள், குரலில் ஒரு மெருகும் இருக்காது. அதே காலத்து நாட்டுப்புறப் பாட்டுக்காரர்கள் எல்லோரும் வேதம் மாதிரி வைத்திருந்தது ஹாரி ஸ்மித் தொகுத்து 1952-ல் வந்த பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பதிவுகளின் தொகுப்பு. 84 பதிவுகள். சுரங்கத்தில் வேலை பார்த்தவன், பண்ணைக் கூலி, தெருவில் பாடிய பார்வையற்ற போதகர் என்று ஒவ்வொரு குரலும் ஒரு கட்டாந்தரை. அந்த மரபில் வழவழப்பான குரலைத்தான் சந்தேகப்படுவார்கள். 'இவன் என்னத்தைப் பார்த்தான், என்னத்தை அனுபவித்தான்' என்று கேட்பார்கள்.

1961 செப்டம்பர் 29 நியூயார்க் டைம்ஸில் ராபர்ட் ஷெல்டன் எழுதிய விமர்சனம் பிரசித்தம். குரலில் அழகு என்று எதுவும் கிடையாது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டு, உமியும் பட்டையும் உரிக்காமல் சுரங்களை அப்படியே விட்டிருக்கிறார் என்று மெச்சினார். தெற்கத்திப் பண்ணையாள் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடுவதன் அந்த முரட்டு அழகைத் தெரிந்தே பிடிக்கப் பார்க்கிறார் என்றும் எழுதினார். 'தெரிந்தே' என்பதைக் கவனியுங்கள். அப்போது டிலனுக்கு 20 வயது. 1962-ல் வந்த முதல் இசைத்தட்டில் 13 பாட்டு, அதில் சொந்தப் பாட்டு இரண்டுதான். மீதியில் சாவைப் பற்றியும் கல்லறையைப் பற்றியும் கிழவர் குரலில் பாடியிருப்பார். தட்டு விற்கவில்லை. ஒப்பந்தம் போட்ட ஜான் ஹேமண்டை வைத்து கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்குள்ளேயே 'ஹேமண்டின் முட்டாள்தனம்' என்று கிண்டல் செய்தார்கள்.

வழவழவென்று பாட அவருக்கு வராதா என்றால், வரும். 1969-ல் 'நாஷ்வில் ஸ்கைலைன்' கேளுங்கள். 'லே லேடி லே' பாடுகிறவர் யாரென்று கண்டுபிடிக்கவே முடியாது, அவ்வளவு மென்மை. சிகரெட்டை விட்டதால் வந்த குரல் என்று அவரே சொன்னார் (அதை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் விருப்பம், பேட்டிகளில் கதை விடுவதில் மன்னர்). நல்ல இசைத்தட்டுதான். ஆனால் அந்தப் பாட்டை வேறு யார் பாடியிருந்தாலும் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மற்றப் பாட்டுகளில் அப்படிச் சொல்ல முடியவில்லை. நான் சொல்ல வந்ததே அவ்வளவுதான்.

சந்தானம் ஐயா, பின்னணிப் பாடகர் ஏற்பாட்டில் சோறு சாப்பிடுகிறவள் நான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே பாடகர் இன்னொருவருக்காகப் பாடுகிறார், திரையில் ஒரு முகம் இருக்கிறது. இங்கே முகமே குரல்தான். கொலம்பியாவே இதைப் புரிந்துகொண்டு, எல்லோரும் அவர் பாட்டை எடுத்துப் பாடிக்கொண்டிருந்த காலத்தில், 'டிலன் பாட்டை டிலன் மாதிரி யாரும் பாடுவதில்லை' என்று விளம்பரம் போட்டது. வியாபாரத் தந்திரம்தான், ஆனாலும் பொய்யில்லை.

கரகரப்பிரியன்

மைதிலி அக்கா, சுருதி பத்தி எழுதின இடம் அருமை. நான் குரல் கரகரப்புக்குன்னே வாழறவன், கொஞ்சம் சேர்த்துக்கறேன்.

தினேஷ் ப்ரோ, டிலன் மட்டும் இல்ல, இது ஒரு பெரிய குடும்பம். லியோனார்ட் கோஹனை எடுத்துக்குங்க. கவிஞர், நாவல் எழுதினவர், முப்பது தாண்டித்தான் பாட வந்தார். 'டவர் ஆஃப் சாங்'ல தனக்குத் தங்கக் குரல் வரமா கிடைச்சதா ஒரு வரி வரும், கச்சேரியில அந்த இடத்துக்கு வந்தாலே கூட்டம் கைதட்டும். 1993-ல கனடாவோட ஜூனோ விருதுல சிறந்த ஆண் பாடகர் விருது குடுத்தாங்க. என்னை மாதிரிக் குரல் உள்ளவனுக்கு இந்த விருது கனடாவுல மட்டும்தான் கிடைக்கும்னு மேடையிலேயே சொன்னார் மனுஷன்.

அப்புறம் டாம் வெய்ட்ஸ். இவர் கதைதான் உங்க கேள்விக்கு நேரா வருது. ஃப்ரிட்டோ-லே கம்பெனி தன்னோட சிப்ஸுக்கு ஒரு ரேடியோ விளம்பரம் எடுத்துச்சு. வெய்ட்ஸ் விளம்பரத்துக்குப் பாட மாட்டார்னு எல்லாருக்கும் தெரியும். அதனால அவரை மாதிரியே பாடற ஒருத்தரை வெச்சுப் பாட வெச்சாங்க. வெய்ட்ஸ் கோர்ட்டுக்குப் போனார். நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பு சொல்லி 20 லட்சம் டாலருக்கு மேல குடுக்கச் சொல்லுச்சு, 1992-ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைப் பெரும்பாலும் உறுதி பண்ணிடுச்சு. அந்தத் தீர்ப்புலயே அவர் குரலை ஒரு ரசிகர் எப்படி வர்ணிச்சார்னு எழுதியிருக்காங்க. ஒரு பாட்டில் விஸ்கி குடிச்சு, ஒரு பாக்கெட் சிகரெட் ஊதி, ஒரு பாக்கெட் பிளேடை முழுங்கி, மூணு நாள் தூங்காம இருந்தா ராத்திரி நேரத்துல எப்படி இருக்குமோ அப்படியாம்! ஜட்ஜ் அதையும் எடுத்துப் போட்டுத்தான் இது அவரோட சொத்து, திருடக் கூடாதுன்னு சொன்னார். நம்ம ஊர்ப் பாட்டி கேட்டா 'கஷாயம் வெச்சுக் குடுங்கடா'ம்பாங்க, சட்டம் அதை சொத்துன்னு சொல்லுது.

ஆனா அக்கா சொல்றது எல்லாப் பாட்டுக்கும் பொருந்தாது. கோஹனோட 'ஹல்லேலூயா' 1984-ல வந்தப்போ அந்த இசைத்தட்டை அமெரிக்காவுல வெளியிடவே கொலம்பியா மறுத்துடுச்சு. 1991-ல ஜான் கேல், 1994-ல ஜெஃப் பக்லி, இவங்க பாடித்தான் அது ஊரெல்லாம் பரவுச்சு. பக்லி குரல் பட்டு. அந்த ஒரு பாட்டுல எனக்கு பக்லிதான் மேல. அடிக்க வரலாம்.

ஹெண்ட்ரிக்ஸ் விஷயம் வேற மாதிரி. 'வாட்ச்டவர்' அவரோடதாவே ஆயிடுச்சு, டிலனே பிற்பாடு மேடையில ஹெண்ட்ரிக்ஸ் போன வழியிலதான் போனார். ஆனா ஹெண்ட்ரிக்ஸ் மெருகுக் குரல்காரரா என்ன? தன் குரலை நினைச்சுக் கூச்சப்பட்டவர். டிலனைக் கேட்டுத்தான் 'இப்படியும் பாடலாம்'னு தைரியம் வந்துச்சு அவருக்கு. அதனால அந்த உதாரணத்தை என் கட்சிக்கே எடுத்துக்கறேன்.

நம்ம பக்கமும் இது புதுசில்லையே. எம்.எஸ்.வி. பாடின 'எதற்கும் ஒரு காலம் உண்டு', ராஜா சார் பாடின 'ஜனனி ஜனனி'. கையில எத்தனை பாடகர்கள் இருந்தாங்க, அவங்களை விட்டுட்டு இவங்க குரல்லதான் அது நிக்குது. அதை யாரும் பக்தின்னு சொல்ல மாட்டாங்க, சந்தானம் சார் உட்பட.

சந்தானம்65

எம்.எஸ்.வி.யை இழுத்தால் நான் வாயடைத்துப் போவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். சரி, 'எதற்கும் ஒரு காலம் உண்டு' பாட்டை விட்டுவிடுகிறேன். ஆனால் எம்.எஸ்.வி. அபூர்வமாகத்தான் பாடினார். எந்தப் பாட்டுக்குத் தன் குரல் தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டிலன் எல்லாவற்றையும் பாடுகிறார். 1988-லிருந்து நிற்காமல் ஊர் ஊராகக் கச்சேரி வேறு. சமீபத்திய மேடைப் பதிவுகளைக் கேட்டேன், சரணம் பாதி போன பிறகுதான் இது எந்தப் பாட்டு என்றே தெரிகிறது. மெட்டை மாற்றிவிடுகிறார், சொல்லை மென்று விழுங்குகிறார். கிராமியப் பாட்டுக்காரரிடம் கற்றது, ப்ளூஸ் காந்தாரம் என்பதெல்லாம் 1963-க்குப் பொருந்தும். வயதாகிக் குரல் போனதையும் கலை என்று சொல்ல வேண்டுமா?

தினேஷ்_கே

அக்கா, சொன்னபடி 'டோன்ட் திங்க் ட்வைஸ்' ஹெட்போன் போட்டுக் கேட்டேன். அந்த 'ஆல் ரைட்' விஷயம் இப்ப காதுல விழுது, நிஜமாவே ஒவ்வொரு சரணத்துலயும் வேற வேற மாதிரி சொல்றார். கடைசி தடவை கிட்டத்தட்ட மிரட்டற மாதிரியே இருந்துச்சு. ஆனா 'பிடிச்சிருக்கு'ன்னு சொல்ற நிலைமைக்கு இன்னும் வரல, 'சுவாரசியமா இருக்கு'ன்னு வேணா சொல்லலாம்.

ஹார்மோனிகாவை மட்டும் மன்னிக்க முடியல.

சந்தானம் சார் கேட்டதுதான் என் சந்தேகமும். இளமையில வேணும்னே கரடுமுரடாப் பாடினதும், எண்பது வயசுல வேற வழியில்லாமக் கரடுமுரடா இருக்கறதும் ஒண்ணா?

மைதிலி_ட்ராக்

ஒன்றில்லை தினேஷ். ஐயா கேட்டது சரியான இடம். மேடைப் பதிவுகளில் பாதியை என்னாலும் கேட்க முடியாது, மறைப்பானேன். கேட்டுவிட்டு 'ஆஹா, என்ன மறுவாசிப்பு' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல் வரும். அங்கே ஐயா சொல்கிற பக்தி இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் ஸ்டுடியோ வேறு. அங்கே அவர் தன்னிடம் என்ன மிச்சமிருக்கிறது என்று அளந்து பார்த்து, அந்த அளவுக்கே பாட்டு எழுதுகிறார். 1997-ல் 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' வந்தபோது வயது 56, குரலில் மேல் ஸ்தாயி பெரும்பாலும் போய்விட்டது. அதில் 'நாட் டார்க் யெட்' என்ற பாட்டின் மெட்டு சின்ன எல்லைக்குள்ளேயே நடக்கிறது, உச்சத்துக்கு ஏற வேண்டிய அவசியமே வராது. அந்த இசைத்தட்டுக்குத்தான் கிராமி விருதில் ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்ற பரிசு கிடைத்தது. 2020-ல் 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்', கென்னடி கொலையைப் பற்றியது, ஏறக்குறைய 17 நிமிஷம். பாட்டு என்பதைவிட அடித்தொண்டையில் ஒரு ஒப்பாரி என்று சொல்லலாம். 78 வயதில் பாடியது. பில்போர்டின் ஏதாவது ஒரு பாடல் பட்டியலில் அவர் தன் சொந்தக் குரலில் முதன்முதலாக முதலிடம் பிடித்தது அதில்தான், அது ராக் டிஜிட்டல் விற்பனைப் பட்டியல். 'ப்ளோயின் இன் த விண்ட்' எழுதியவருக்கு அதுவரை அது வாய்க்கவில்லை.

இளமையில் செய்ததை இன்னும் கிட்டத்தில் பார்க்க ஆசையிருந்தால் ஒரு வழி சொல்கிறேன். 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' 1965 ஜூன் 15, 16 இரண்டு நாளும் ஒலிப்பதிவானது. அந்த முயற்சிகள் எல்லாவற்றையும் 2015-ல் வெளியிட்டுவிட்டார்கள். முதல் நாள் பாட்டு மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் வால்ட்ஸ் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும், குரல் எங்கே உட்காருவது என்று தெரியாமல் தடவும். மறுநாள் தாளத்தை மாற்றுகிறார்கள், நான்காவது தடவையில் அமைந்துவிடுகிறது. உலகம் கேட்டது அதைத்தான். 'ஹவ் டஸ் இட் ஃபீல்' என்று கேட்கிற இடத்தில் 'ஃபீல்' என்பதை மேலே இழுத்துத் தொங்கவிடுவார். அதற்கு அப்புறமும் விடாமல் பல தடவை பாடிப் பார்க்கிறார்கள், எதுவும் அந்த நான்காவது மாதிரி வரவில்லை. கவனக்குறைவாகப் பாடுகிறவர் என்று நினைக்கிறவர்கள் அந்தத் தட்டுகளை வரிசையாகக் கேட்க வேண்டும். எங்கள் தொழிலில் இதைவிடக் குறைந்த கவனத்தோடு 'ஓகே, அடுத்தது' என்று போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் 'குரல் இல்லை' பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கிறது. 2015 பிப்ரவரியில் மியூசிகேர்ஸ் விருது விழாவில் ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார். தவளை மாதிரி கத்துகிறேன் என்று என்னைச் சொல்கிற விமர்சகர்கள் டாம் வெய்ட்ஸை ஏன் அப்படிச் சொல்வதில்லை, லியோனார்ட் கோஹனை ஏன் சொல்வதில்லை என்று மேடையில் புலம்பித் தீர்த்தார். (கரகரப்பிரியன், உங்கள் ஆட்கள் இருவரும் அதில் மாட்டினார்கள்.) அதே உரையில் பழைய சோல் பாடகர் சாம் குக்கைப் பற்றி ஒன்று சொன்னார். உங்கள் குரல் எவ்வளவு அழகு என்று யாரோ புகழ்ந்தபோது, குரலை அழகை வைத்து அளக்கக் கூடாது, அது உண்மையைச் சொல்கிறது என்று கேட்பவரை நம்ப வைக்கிறதா என்பதுதான் கணக்கு என்றாராம் சாம் குக். சொன்னது யார் பாருங்கள். அந்தக் காலத்தில் சாம் குக்கைவிட வழுக்கும் குரல் யாருக்கு இருந்தது? 'ப்ளோயின் இன் த விண்ட்' பாட்டைத் தன் மேடைகளில் பாடியவர் அவர். அதைக் கேட்ட உந்துதலில்தான் 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' எழுதினார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

ஐயாவுக்கு ஒரு பரிந்துரை, திட்டக் கூடாது. அதே 2015-ல் 'ஷேடோஸ் இன் த நைட்' என்று ஒரு இசைத்தட்டு. முழுக்க சினாட்ரா பாடிய பாட்டுகள். சினாட்ரா ஒலிப்பதிவு செய்த அதே கேப்பிட்டல் ஸ்டுடியோவில் ஐந்து பேர் கொண்ட சின்னக் குழுவை வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடியது. அந்தக் குரலில் அந்தப் பாட்டுகளா என்றுதான் நானும் போட்டேன். 'ஆட்டம் லீவ்ஸ்' மட்டுமாவது கேளுங்கள்.

சந்தானம்65

அம்மா, சினாட்ரா பாட்டைப் போய் இவர் பாடுவதா! உங்கள் எழுத்துக்கு மரியாதை கொடுத்து இரவு போட்டுக் கேட்டேன். 'ஆட்டம் லீவ்ஸ்' முழுதும் கேட்டேன். சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கிறது, மேடையில் விழுங்குகிறவர் இங்கே விழுங்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். குரல் பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை. பாதி இசைத்தட்டோடு நிறுத்திவிட்டு அசல் சினாட்ராவைப் போட்டுக் காதைக் கழுவிக்கொண்டேன்.

வயலின்கள் வர வேண்டிய இடத்திலெல்லாம் ஒருவர் ஸ்டீல் கிட்டாரை வைத்துச் சமாளித்திருக்கிறாரே, அவர் யார்?

கரகரப்பிரியன்

டானி ஹெரான், சார். ரொம்ப வருஷமா டிலன் குழுவுல வாசிச்சவர்.

தினேஷ்_கே

சார், அப்போ மீதிப் பாதியையும் கேட்கப் போறீங்க. 🙂

சந்தானம்65

கிட்டாருக்காக.